எலுமிச்சைக்கு எந்தக் குலம்?

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலைத்தொடரின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் நெடுவழியில் இருக்கிறது புளியங்குடி. பெயரிலே புளி, பெருமையிலே எலுமிச்சை! மூட்டை மூட்டையாய்ப் பழம் சந்தைக்கு வருகிறது, குவிக்கின்றனர், தரம் பிரிக்கின்றனர், விலை கூறுகின்றனர், மலையைக் கடந்து கேரளத்துக்கும் அனுப்புகின்றனர். 'எலுமிச்சை நகரம்' என்றே அவ்வூரை அழைப்போர் உண்டு. 2025ஆம் ஆண்டில் அவ்வூர் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உழவர் சிந்திய வியர்வைக்குக் கிடைத்த மதிப்பு அது, மகிழ்கிறோம்.

சந்தையை விட்டுப் புறப்பட்ட பழத்தின் கதி என்ன? ஒன்று, வெயிலில் வாடி வந்தவனுக்குச் சாறாகிறது. இன்னொன்று, ஏழையின் கஞ்சிக்கு ஊறுகாயாகிறது. மற்றொன்று? சூலத்தின் முனையிலே குத்தப்படுகிறது. புது வண்டியின் சக்கரத்தடியிலே நசுக்கப்படுகிறது. கடை வாயிலிலே மிளகாயோடு கோத்துத் தொங்கவிடப்படுகிறது. கண்ணேறு கழிக்குமாம், பேயை ஓட்டுமாம், பில்லி சூனியத்தைப் பொசுக்குமாம்! அத்துணை ஆற்றல் படைத்த பழம், தன் தோல்மீது படர்ந்து தன்னையே அழிக்கும் சொறிநோயை மட்டும் விரட்டக் காணோமே, ஏன்? தோப்புக்காரரைக் கேளுங்கள், மருந்து தெளித்த செலவைச் சொல்லுவார், மந்திரித்த செலவை அல்ல.

மணப்பேச்சென்றால் 'எந்தக் குலம், என்ன கோத்திரம்' என்று முதலில் கேட்கும் நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில், மணவறையிலும் கருவறையிலும் இடம்பெறும் எலுமிச்சையை நோக்கி, 'உனக்கு எந்தக் குலம்?' என்று எவரும் கேட்டதில்லை. அறிவியல் கேட்டது. எலுமிச்சையும் விடை சொல்லிற்று. அந்த விடையிலே நம் அனைவருக்குமான பாடம் ஒன்று இருக்கிறது.

உயிரணுவில் ஒரு கல்வெட்டு

மன்னர் வரலாற்றைக் கல்வெட்டிலே தேடுகிறோம், செப்பேட்டிலே தேடுகிறோம். ஆனால் அவை வென்றவன் எழுதியவை. தானம் பெற்றவன் காத்தவை. உழுதவனுக்கு ஏது மெய்க்கீர்த்தி? நெய்தவளுக்கு ஏது செப்பேடு? அவர்கள் எழுதாமலே விட்டுச்சென்ற ஏடு ஒன்று உண்டு. அது அவர்களுடைய உடலிலேயே இருந்தது. நம் உடலிலும் இருக்கிறது.

1866இல் ஆஸ்திரியப் பேரரசின் பிரூண் நகரத்துத் துறவி மெண்டல், பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளிடம் கணக்கோடு சென்று சேர்கின்றன என்றார். 34 ஆண்டுகள் எவரும் அதை மதிக்கவில்லை. 1953இல் அப்பண்புகளைச் சுமந்து செல்லும் டி.என்.ஏ. என்னும் இழையின் அமைப்பு வெளியாயிற்று. இரட்டை முறுக்கு ஏணி போன்றது அது. அந்த ஏட்டில் எழுத்துகள் நான்கே. தமிழுக்கு 247 எழுத்து, உயிருக்கு நான்கு! மனிதனுடைய உயிரணு ஒன்றில் தாய்வழி வந்த படியொன்று, தந்தைவழி வந்த படியொன்று. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். 2003இல் பெரும்பகுதியைப் படித்து முடித்தனர். விடுபட்ட பகுதிகளையும் சேர்த்து 2022இல் முழுமை செய்தனர்.

இந்த நான்கெழுத்து மொழி, மனிதனுக்கு மட்டும் உரியதன்று. எலுமிச்சைக்கும் அதுவே, கரும்புக்கும் அதுவே, எலுமிச்சையைக் கெடுக்கும் நுண்ணுயிருக்கும் அதுவே. 'தேவபாடை' என்று தனியாக ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏட்டைப் படியெடுப்பவன் பிழை விடுவதுண்டு. ஒரு சுவடியில் நேர்ந்த பிழை, அதைப் பார்த்து எழுதிய சுவடிகளிலெல்லாம் தொடரும். அந்தப் பிழைகளை ஒப்பிட்டே, எந்தச் சுவடி எதற்கு மூலம் என்று பதிப்பாசிரியர் கண்டுபிடிக்கின்றனர். உயிரேட்டிலும் தலைமுறைதோறும் சிற்சில எழுத்துகள் மாறுகின்றன. ஒரே மாற்றத்தை இருவர் சுமந்திருந்தால், இருவருக்கும் பொதுவான முன்னோர் இருந்தார் என்று பொருள். எத்தனை மாற்றங்கள் என்று எண்ணினால், எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தனர் என்பதும் தோராயமாய்த் தெரியும். மரபணு ஆய்வாளன் செய்வது பதிப்பாசிரியன் செய்த வேலையே. ஏடு மட்டும் வேறு.

கலப்பிலே பிறந்த கனி

2018இல் அமெரிக்க, இசுப்பானிய அறிஞர்கள் கூடி, நாரத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த 60 மரங்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு, 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். இக்குடும்பத்தின் தொட்டில், இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம்: அசாமின் கிழக்கும், பர்மாவின் வடக்கும், சீனத்து யுன்னான் மேற்கும் கூடுமிடம். ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பருவமழை தளர்ந்து தட்பவெப்பம் மாறிய காலத்தில், அங்கிருந்து இனங்கள் கிளைத்துப் பரவின. பம்பளிமாசு, மாண்டரின் ஆரஞ்சு, சிட்ரான் என்னும் தடித்த தோற்காய் ஆகியவை அவ்வாறு கிளைத்த அடிப்படை இனங்கள். நாம் உண்ணும் மற்றவற்றுள் பெரும்பாலானவை கலப்பிலே பிறந்தவை.

புளிப்புக் கிச்சிலி யார்? பம்பளிமாசுக்கும் மாண்டரினுக்கும் பிறந்தது. ஐரோப்பியர் போற்றும் மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சை யார்? அந்தக் கிச்சிலிக்கும் சிட்ரானுக்கும் பிறந்தது; கலப்பின்மேல் கலப்பு! சரி, நம் சிறு எலுமிச்சை? மெல்லிய தோலும் மிகுந்த சாறும் உடைய அந்த இனத்தின் தாய், பிலிப்பைன்சுத் தீவுகளில் வளரும் 'மைக்ராந்தா' என்னும் காட்டு மரம். தந்தை, இமய அடிவாரத்துச் சிட்ரான். கடல் கடந்த தாய்க்கும், மலை கடந்த தந்தைக்கும் பிறந்த பிள்ளை!

கடல் கடந்தால் தீட்டு என்றவர்களின் கையில், கடல் கடந்த கலப்பின் கனி. குலம் கலந்தால் கேடு என்று ஓதியவர்களின் ஓமகுண்டத்தருகே, குலம் கலந்து பிறந்த பழம். சூலத்தின் உச்சியிலே வீற்றிருப்பது, மனுவின் சட்டப்படி பார்த்தால் 'சங்கர சாதி'! பழத்துக்குத் தெரியாது, பக்தருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தள்ளிவைத்திருப்பார்களா? மாட்டார்கள். சுவை இருக்கிறதே! பயன் தரும் பொருளிடம் குலம் கேட்பதில்லை. உழைக்கும் மனிதனிடம் மட்டுமே கேட்பர்.

கலந்தது; பின் உறைந்தது

எலுமிச்சையின் கதை அத்துடன் முடியவில்லை.

ஒரு கலப்பினச் செடியின் விதையை ஊன்றினால், பிள்ளைகள் தாயைப் போலவும் இருக்கலாம், தந்தையைப் போலவும் இருக்கலாம், பலவகையாய்ச் சிதறும். ஆனால் எலுமிச்சை விதையை ஊன்றும் உழவனுக்குப் பெரும்பாலும் தாய்மரத்தைப் போன்றே கன்று கிடைக்கிறது. எங்ஙனம்? எலுமிச்சை விதை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளைகள் கிளம்புவதைக் கண்டிருப்பீர்கள். இக்குடும்பத்து விதையில் இவ்வாறு பல கருக்கள் இருப்பதை ஆலந்து நாட்டு லீவன்ஹூக் 1719இலேயே கண்டு எழுதினார். அம்முளைகளுள் ஒன்று மகரந்தம் சேர்ந்து உண்டான கரு. ஏனையவை தாயின் திசுவிலிருந்தே தோன்றியவை, அதாவது தாயின் நேர்ப்படிகள். பெரும்பாலும் படிகளே முந்தி வளர்ந்து, உண்மையான பிள்ளையை அமுக்கிவிடுகின்றன. 2017இல் சீன நாட்டு வூகான் நகர அறிஞர்கள் இதன் காரணத்தையும் கண்டனர்: ஒரு மரபணுவின் முகப்பிலே பழங்காலத்தில் வந்து செருகிக்கொண்ட சிறு துண்டு ஒன்றே இந்தப் பழக்கத்துக்கு வேர்.

அதாவது, எலுமிச்சை ஒருமுறை கலந்து பிறந்தது. பிறகு தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு, கலவாமலே நின்றுவிட்டது. உழவனுக்கு அதில் நன்மை உண்டு. ஒரே சீரான பழம் கிடைக்கிறது. ஆனால் விலையும் உண்டு. சொறிநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் 'சாந்தோமோனாசு' எனப்படுவது. அதன் மரபணுத் தொகுதியைப் பிரேசில் நாட்டார் படித்து 2002இல் வெளியிட்டனர். சுமார் 50 இலட்சம் எழுத்துகள்தாம். அந்தச் சிற்றுயிர் செய்யும் சூதைக் கேளுங்கள்: இலையின் உயிரணுவுக்குள் ஒரு புரதத்தைச் செலுத்துகிறது, அப்புரதம் மரத்தின் ஏட்டில் குறிப்பிட்ட ஒரு வரியைத் தேடிப் பற்றி, மரத்தின் சொந்த மரபணு ஒன்றைத் தட்டி எழுப்புகிறது. மரமே தன் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறது. வீட்டுக்காரன் சாவியைக் கொண்டே வீட்டைத் திறக்கும் கள்வன் அவன்!

தோப்பிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் வெவ்வேறு பூட்டு இருந்தால் கள்வன் சில வீடுகளிலாவது திகைப்பான். எல்லாம் ஒரே தாயின் படி என்றால்? ஒரு சாவி போதும். நம் எலுமிச்சை, இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் இனங்களுள் ஒன்று. தூய்மை காத்ததன் கூலி அது.

நாணல் தந்த வலிமை

எலுமிச்சையைப் போலவே, அவ்வட்டாரத்தில் விளையும் கரும்புக்கும் ஒரு கதை உண்டு. அக்கதையின் களம் நம் கோவை.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னர் தலைமையேற்ற தி.சு. வேங்கடராமனும் ஒரு துணிச்சலான செயலைச் செய்தனர். தடித்த, இனித்த, 'மேற்குலக்' கரும்பு ஒன்றைத் தாயாகக் கொண்டனர். அதன் பெயரே 'வெள்ளை'! வாய்க்கால் ஓரத்தில் எவரும் மதியாது வளர்ந்த நாணற் புல்லைத் தந்தையாகக் கொண்டனர். சர்க்கரையே இல்லாத புல்லைச் சர்க்கரைக் கரும்போடு சேர்ப்பதா என்று கேட்கத் தோன்றும். 1918இல் அந்தக் கலப்பில் விளைந்த 'கோ 205' வெளியிடப்பட்டது. குளிரும் நீர்த்தேக்கமும் மிகுந்த வட இந்திய வயல்களில், தூய குலக் கரும்பு தாங்காத இடங்களில், இந்தக் கலப்புக் கரும்பு நின்று வளர்ந்தது. தாய் இனிப்பைக் கொடுத்தாள். தந்தை தாங்கும் திறனைக் கொடுத்தான். பின்னர் உலகெங்கும் கரும்பு வளர்ப்போர் அந்த வழியையே பின்பற்றினர்.

அந்த நிலையத்தில் 1930களில் பணியாற்றியவர் தலைச்சேரியில் 1897இல் பிறந்த சானகி அம்மாள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து காட்டியவர். பயிர்களின் நிறப்புரிகளைத் தொகுத்து 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பெருநூல் வெளியிட்டவர். பெண் என்பதாலும், பிற்படுத்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதாலும் அவர் தாங்கிய புறக்கணிப்பு கொஞ்சமன்று. புல்லின் குலம் பாராமல் கரும்பை வளர்த்த கூடத்திலே, ஆளின் குலம் பார்க்கும் கண்களும் இருந்தன! வயலில் கற்ற பாடத்தை வாழ்வில் கற்க மறுத்தனர்.

2024இல் தற்காலக் கரும்பு ஒன்றின் மரபணுத் தொகுதி வெளியாயிற்று. மனிதனுடையதைவிட மும்மடங்கு பெரியது. ஒவ்வொரு நிறப்புரிக்கும் பல படிகள். படிக்கவே கடினமான ஏடு. அதில் பெரும்பகுதி இனிப்புக் கரும்பின் எழுத்து. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் காட்டு நாணலின் எழுத்து. நம் வீட்டுப் பொங்கலின் இனிப்பிலே, மதியாதார் தந்த வலிமை இன்றும் இருக்கிறது.

மனிதன் மட்டும் விலக்கா?

தோப்பும் வயலும் சொன்னது போதும், வீட்டுக்குள் வருவோம்.

2009இல் ஐதராபாத்து உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராசும் லால்சி சிங்கும், அமெரிக்க அறிஞர் டேவிட் ரீச்சு முதலானோரும் சேர்ந்து, இந்நாட்டின் 25 குழுக்களைச் சேர்ந்தோரின் மரபணுக்களை ஆய்ந்தனர். முடிவென்ன? இப்பெருநிலத்தில் அவர்கள் ஆய்ந்த குழுக்களுள் பெரும்பாலானவற்றில் இரு பழந்திரள்களின் கலப்பு இருந்தது. ஒன்றை 'வட இந்திய மூதாதை' என்றனர். மற்றொன்றைத் 'தென் இந்திய மூதாதை' என்றனர். முதலாவதன் பங்கு 39 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடு வரை ஏறியும் இறங்கியும் இருந்தது. கலப்பே இல்லாதவர் என்று மேட்டிலும் காணோம், பள்ளத்திலும் காணோம்!

2013இல் அடுத்த வினாவுக்கு விடை வந்தது. கலப்பு எப்போது நடந்தது? சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை. அந்த ஈராயிரம் ஆண்டில் மக்கள் கலந்தனர், பரவலாய்க் கலந்தனர். பிறகு அது நின்றது. தன் குழுவுக்குள்ளேயே மணம் என்னும் வேலி எழுந்தது. 2016இல் வங்கத்துக் கல்யாணி நகர ஆய்வு நிலையத்தார், 'மேல்சாதி' எனப்படுவோர் பலரிடம் கலப்பு நின்று ஏறத்தாழ 70 தலைமுறை ஆயிற்று என்று கணக்கிட்டனர்.

கலந்தது; பின் உறைந்தது. எலுமிச்சையின் கதையேதான்! 'அனாதி காலந்தொட்டு வந்த தருமம்' என்று எதைக் காட்டி நம்மை அடக்கினரோ, அந்தச் சாதி மண வேலிக்கு வயது தெரிந்துவிட்டது. அது அனாதியன்று, ஆதி உண்டு. ஆதி உள்ளதற்கு அந்தமும் உண்டு.

2012இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து அறிஞர் இராம. பிச்சப்பன் முதலானோர், தமிழகத்தின் 31 குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் தந்தைவழி மரபை ஆய்ந்து வெளியிட்டனர். மலைவாழ்நர், கடல்தொழிலர், புன்செய் உழவர் என்று வாழ்க்கைமுறையை ஒட்டியே அம்மரபு வேறுபாடுகள் அமைந்திருந்தன. அவை வருண ஏற்பாட்டுக்கு முந்தியவை, உழவு பரவிய காலத்தவை என்றனர். தொழிலும் நிலமும் பிரித்தவை அவை. பிரமன் முகத்திலும் தோளிலும் தொடையிலும் காலிலும் பிறந்த பிரிவுகள் அல்ல.

2019இல் அரியானாவின் இராக்கிகடியில் கிடைத்த சிந்துவெளிப் பெண் ஒருத்தியின் எலும்பிலிருந்து மரபணுவைப் பெற்றனர். புல்வெளி மேய்ச்சல் மக்களின் மரபு அவளிடம் இல்லை. அதே ஆண்டு 'சயன்சு' இதழில், 523 பழங்கால மனிதரை ஆய்ந்த கட்டுரை வந்தது. அம்மேய்ச்சல் மக்களின் மரபு இத்துணைக்கண்டத்துக்கு வந்து சேர்ந்தது கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே என்றது. நெடுங்காலம் நாம் வாதாடிய ஒன்றுக்கு, எலும்பு சாட்சி சொல்லிற்று.

மகிழ்ச்சியா, தோழர்களே? கொஞ்சம் பொறுங்கள். அதே ஏடு இன்னொன்றையும் சொல்கிறது. சிந்துவெளிப் பெண்ணே கலப்பிலே பிறந்தவள். ஈரானிய மக்களோடு தொடர்புடைய மரபும், இந்நிலத்துப் பழைய வேட்டுவர் மரபும் அவளிடம் சேர்ந்திருந்தன. தமிழராகிய நாமும் கலப்பிலே பிறந்தவரே. 'தூய ஆரியக் குருதி' பொய் என்றால், 'தூய திராவிடக் குருதி'யும் பொய்தான். மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 'எம் 130' என்னும் தொல் அடையாளத்தைப் பிச்சப்பனும் இசுபென்சர் வெல்சும் கண்டபோது, 'முதல் தமிழன் எங்கள் குலத்தான்' என்று மார்தட்டியோர் உண்டு. அதே அடையாளத்தின் கிளைகள் ஆசுத்திரேலியப் பழங்குடியினரிடமும் மங்கோலியரிடமும் இருக்கின்றனவே! உறவு காட்டும் சான்றை உயர்வு காட்டும் சான்றாக்குவது, பழைய மடமைக்குப் புதிய சட்டை மாட்டுவதாகும். திராவிடம் என்பது நமக்கு மொழியின் பெயர், நிலத்தின் பெயர், சமத்துவ நெறியின் பெயர். குருதியின் பெயரன்று. குருதியிலே பெருமை தேடுவது நாம் எதிர்த்து நிற்போர் வேலை, நம் வேலையன்று.

வேலிக்குக் கொடுத்த விலை

வேலி கட்டியதால் வந்த கேடு, மானத்துக்கு மட்டுமா? உடலுக்கும்தான்.

சில குடும்பங்களிலிருந்து பெருகிய ஒரு குழு, தனக்குள்ளேயே மணந்துகொண்டு வந்தால், முதற்குடும்பத்தில் ஒருவரிடம் இருந்த குறையுள்ள மரபணு பலரிடம் பரவுகிறது. ஒரு படியில் குறை இருந்தால் மற்றப் படி ஈடு செய்யும். தாயிடமும் தந்தையிடமும் அதே குறைப்படி இருந்து, இரண்டும் பிள்ளையிடம் வந்து சேர்ந்தால், நோய் தலைதூக்கும். 2017இல் தங்கராசு முதலானோர் 260க்கு மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, அவற்றுள் 81 குழுக்களில் இந்நெருக்கடி, இதற்குப் பேர்போன பின்லாந்து மக்களிடமும் ஐரோப்பிய யூதர்களிடமும் உள்ளதைவிட மிகுதி. அந்த 81இல் 14 குழுக்கள், பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உடையவை! தெற்கே ஒரு வணிகச் சமூகத்தில், அறுவைக்குமுன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தொன்றை உடல் சிதைக்க இயலாத குறை, மற்றவரைவிட மிகுதியாய்க் காணப்படுகிறது. மருத்துவர் அறியாது கொடுத்தால், மூச்சுத் திணறும். அங்கே கோத்திரம் காப்பாற்றாது. மூச்சுக் கருவிதான் காப்பாற்றும்.

இதற்குமேல் நெருங்கிய உறவு மணம் வேறு. முறைப்பெண், முறைமாமன் என்று பாட்டிலும் படத்திலும் பாராட்டுகிறோம். தாய்மாமனை மணந்தவளின் பிள்ளைக்கு, மரபேட்டின் எட்டில் ஒரு பங்கில் இரு படிகளும் ஒரே மூலத்திலிருந்து வரலாம். மாமன் மகனை மணந்தால் பதினாறில் ஒரு பங்கு. அண்மைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்துத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவு மணம். இந்தியாவிலேயே நாம்தான் முன்னணி! வெட்கத்தோடு ஏற்க வேண்டிய முதலிடம் அது. இது வைதீகர் நம்மீது சுமத்தியதன்று. நாமே நம்மீது சுமந்தது. சொத்து வெளியே போகக் கூடாது என்ற கணக்கில், பிள்ளையின் நலம் உள்ளே வர மறந்தோம்.

நோய் சாதி பார்க்குமோ என்றால், அதற்கும் சான்று உண்டு. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, இதயத்தைத் தளரச் செய்வது என்பதை, மதுரையில் ஆய்வு செய்த பெ.சு. தண்டபாணியும் தங்கராசும் பிறரும் 2009இல் நிறுவினர். இத்துணைக்கண்டத்து மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவில் அதைச் சுமக்கின்றனர். வேலி எழுமுன்னரே தோன்றிய குறை அது. ஆகையால் வேலிக்கு இப்புறமும் அப்புறமும் இருக்கிறது. தீண்டாதே என்று விலகி நின்றவனின் நெஞ்சுக்குள்ளும், விலக்கி வைக்கப்பட்டவனின் நெஞ்சுக்குள்ளும், ஒரே முன்னோரின் அதே 25 எழுத்துப் பிழை!

அறிவியல் கருவி, அறமே அளவுகோல்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மரபணுவைக் காட்டி மனிதரைத் தரம் பிரிக்க முயன்ற கொடுமையை உலகம் கண்டிருக்கிறது. 1933இல் இட்லர் ஆட்சி, 'மரபு நோயர்' என்று முத்திரை குத்தி, இலட்சக்கணக்கானோரை மலடாக்கச் சட்டம் செய்தது. அதற்கு முன்பே அமெரிக்க மாநிலங்கள் சில அத்தகைய சட்டங்களை இயற்றியிருந்தன. 2020இல் தொடங்கிய இந்திய மரபணுத் தொகுதித் திட்டம், 83 குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் ஏட்டைப் படித்து, 2025 சனவரியில் தரவுகளை ஆய்வாளருக்குத் திறந்தது. நோய் தீர்க்க அது பயன்படட்டும்; வரவேற்போம். ஒரு குழுவுக்கு முத்திரை குத்த அதை எவரேனும் எடுத்தால், எதிர்ப்போம்.

ஒன்றை மறவாதீர்கள். நாம் சமம் என்பதற்கு மரபணு ஆதாரமன்று. நாளை ஓர் ஆய்வு வந்து, யாரோ சிலர் கலவாதவர் என்று சொன்னாலும், அவர் நம்மினும் உயர்ந்தவரல்லர், தாழ்ந்தவருமல்லர். சமத்துவம் ஆய்வுக்கூடம் அளிக்கும் நன்கொடையன்று, மனிதனின் உரிமை. அறிவியல் செய்வது வேறொன்று. குலத்தூய்மை என்ற பொய்யை, அதன் சொந்தக் கோட்டைக்குள்ளேயே புகுந்து தகர்க்கிறது. பொய்யைத் தகர்க்க அறிவியல். புதியதைக் கட்ட அறம். இரண்டும் வேண்டும்.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. மந்திரம் போயிற்று, புரோகிதர் போனார், ஓமப்புகை போயிற்று. சாதி போயிற்றா? மேடையிலே பகுத்தறிவு, மணமகள் தேடும்போது மட்டும் 'நம்மவர்' என்றால், நாம் நீக்கியது புகையை மட்டுமே, நெருப்பு அப்படியே இருக்கிறது. 2011-12இல் நாடெங்கும் எடுத்த மனிதவள ஆய்வின்படி, இந்தியாவில் சாதி கடந்த மணங்கள் நூற்றுக்கு ஐந்தளவே. அந்த ஐவருள்ளும், வேலி தாண்டிய குற்றத்துக்காகப் பட்டப்பகலில் வெட்டுண்டவர் இந்தத் தமிழகத்திலேயே உண்டு. தங்கள் குருதியின் தூய்மையைக் காக்க, பெற்ற பிள்ளையின் குருதியைச் சிந்தினர். எந்தத் தூய்மையை? எப்போதோ கலந்துவிட்ட, இல்லவே இல்லாத தூய்மையை!

அடுத்தமுறை புளியங்குடி வழியே செல்லும்போது, சந்தையில் ஓர் எலுமிச்சையை வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். பிலிப்பைன்சுக் காட்டுத்தாய்க்கும் இமயத்துத் தந்தைக்கும் பிறந்து, உலகெல்லாம் சுற்றி, நம் மண்ணிலே வேரூன்றிய பழம் அது. அதை வண்டிச் சக்கரத்தடியில் வைக்காதீர்கள். பிழிந்து, தாகத்தோடு வருபவருக்குக் கொடுங்கள். அவர் எந்தக் குலம் என்று கேளாமல் கொடுங்கள். பிறகு வீட்டுக்குச் சென்று, உங்கள் தங்கையின் மணப்பேச்சிலே, உங்கள் தம்பியின் மணப்பேச்சிலே, உங்கள் சொந்த மணப்பேச்சிலே, முதல் கேள்வியாக அந்தக் குலக் கேள்வி எழும்போது, எழுந்து நில்லுங்கள். 'அது எலுமிச்சைக்கே இல்லை, எனக்கு எதற்கு?' என்று கேளுங்கள்.